புரதச் சுருளில் வழக்கம் மீறும் ஹைட்ரஜன் பிணைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரத அமைப்பு படிக்க வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஆல்ஃபா சுருளைப் பார்த்துவிடுகிறார்கள். பாடநூல் படத்தில் எல்லாப் பிணைப்புகளும் வரிசை பிசகாமல் நிற்கும். பிறகு உண்மையான புரதம் ஒன்றைக் கணினியில் திறந்தால் அந்த ஒழுங்கு அங்கங்கே குலைந்திருக்கும். ஒரு பிணைப்பு ஒரு படி தள்ளிப் போயிருக்கும், இன்னொன்று காணாமலே போயிருக்கும், நைட்ரஜன் இருக்கவேண்டிய இடத்தில் கார்பன் நிற்கும். "இது பிழையா?" என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. பெரும்பாலும் பிழையில்லை. பல புரதங்கள் தங்கள் வேலையைச் செய்வதே அந்தக் குலைந்த இடத்தில்தான். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாம் அந்த இடத்தைச் சுற்றியே வரும்.

ஆல்ஃபா சுருளில் வழக்கமான ஹைட்ரஜன் பிணைப்பு என்பது எது?

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஓர் அமினோ அமிலம். முதன்மைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கைகள் உண்டு. நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் (இதை என்-எச் என்கிறோம்) ஒரு கை. கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஆக்ஸிஜன் (சி-ஓ) மற்றொரு கை. முதல் கை ஹைட்ரஜனை நீட்டும், இரண்டாவது கை அதை வாங்கிக்கொள்ளும். ஆல்ஃபா சுருளில் ஒரு கண்ணியின் சி-ஓ, தனக்கு நான்கு கண்ணி தள்ளி வரும் என்-எச்சைப் பிடித்துக்கொள்கிறது. 1ஆம் கண்ணி 5ஐப் பிடிக்கும், 2ஆம் கண்ணி 6ஐப் பிடிக்கும், இப்படியே போகும். ஒரு சுற்றுக்கு 3.6 கண்ணிகள். ஒரு கண்ணிக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). ஒரு முழுச் சுற்று ஏற 5.4 ஆங்ஸ்ட்ராம்.

1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுக்கையில் கிடந்த லைனஸ் பாலிங், ஒரு தாளில் சங்கிலியை வரைந்து, தாளை மடித்து மடித்து இந்தச் சுருளைக் கண்டார். கோரி, பிரான்சன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1951இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் கேம்பிரிட்ஜிலிருந்து சாத்தியமான சுருள்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். ஒரு சுற்றில் முழு எண்ணிக்கையில்தான் கண்ணிகள் இருக்கவேண்டும் என்று அவர்கள் நினைத்ததாலும், இரண்டு கண்ணிகளை இணைக்கும் பெப்டைடு தொகுதி தட்டையானது என்பதைக் கணக்கில் எடுக்காததாலும் 3.6 அவர்கள் கையில் சிக்கவில்லை.

நீங்களும் தாளில் செய்து பாருங்கள். இரண்டு விரல் அகலத்தில் ஒரு காகிதப் பட்டையை வெட்டி, ஒன்றிலிருந்து இருபது வரை சம இடைவெளியில் எண்களை எழுதி, பென்சில் மேல் சாய்வாகச் சுற்றுங்கள். 1க்கு நேர் மேலே 4 வரும்படியும் சுற்றலாம், 5 வரும்படியும் சுற்றலாம், 6 வரும்படியும் சுற்றலாம். மூன்றுக்கும் பட்டையின் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். இனி வரும் பதில்களுக்கு இந்தப் பட்டையைக் கையிலேயே வைத்திருங்கள்.

3-10 சுருள், பை சுருள் என்பவை என்ன? அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

பிணைப்பு எத்தனை கண்ணி தாண்டுகிறது என்பதில்தான் வித்தியாசம். மூன்று தாண்டினால் 3-10 சுருள், நான்கு தாண்டினால் ஆல்ஃபா, ஐந்து தாண்டினால் பை.

10 என்பது அணுக்களின் எண்ணிக்கை. ஹைட்ரஜன் பிணைப்பையும் ஒரு பக்கமாகச் சேர்த்தால் சங்கிலியில் ஒரு வளையம் மூடுகிறது. ஆல்ஃபா சுருளில் அந்த வளையத்தை எண்ணுவோம். ஆக்ஸிஜனில் தொடங்குங்கள்: ஆக்ஸிஜன், அதன் கார்பன் என இரண்டு. அடுத்த மூன்று கண்ணிகளில் ஒவ்வொன்றுக்கும் நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன் (அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் மாறும் பக்கச் சங்கிலி ஒட்டியிருக்கும் கார்பன்), கார்பனைல் கார்பன் (சி-ஓவின் கார்பன்) என மும்மூன்றாக ஒன்பது. கடைசியில் ஐந்தாம் கண்ணியின் நைட்ரஜனும் அதன் ஹைட்ரஜனும் என இரண்டு. ஆக 13. ஒரு கண்ணி குறைந்தால் மூன்று அணுக்கள் குறைந்து 10, ஒரு கண்ணி கூடினால் 16. ஒரு முறை விரல்விட்டு எண்ணிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

3-10 சுருளில் ஒரு சுற்றுக்கு மூன்று கண்ணிகள். ஒல்லியான, நீண்ட சுருள். ஒரு கண்ணிக்கு 2 ஆங்ஸ்ட்ராம் வரை ஏறும். புரதங்களில் பெரும்பாலும் மூன்று, நான்கு கண்ணி அளவிலேயே முடிந்துவிடும். ஆல்ஃபா சுருளின் கடைசிச் சுற்றில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஆனால் இதை வெறும் வால் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நரம்புச் செல்களில் மின்னழுத்தத்தை உணர்ந்து திறக்கும் பொட்டாசியம் வாயில்களில் எஸ்4 என்றொரு பகுதி உண்டு. அதில் மூன்று கண்ணிக்கு ஒருமுறை ஆர்ஜினின் போன்ற நேர்மின் அமினோ அமிலம் வருகிறது. ஆல்ஃபா சுருளாக இருந்தால் அந்த ஆர்ஜினின்கள் சுருளைச் சுற்றிச் சுற்றிப் பரவிவிடும். ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று என்றால் எல்லாம் ஒரே பக்கத்தில் கொடிக்கம்பி மாதிரி நேர்க்கோட்டில் நிற்கும். 2007இல் மெக்கின்னன் குழு வெளியிட்ட வாயில் அமைப்பில் எஸ்4இன் ஒரு பகுதி உண்மையிலேயே 3-10 சுருளாக இருந்தது. மின்னூட்டங்கள் ஒரே தடத்தில் நகரவேண்டிய புரதத்துக்கு அந்த மூன்று என்ற எண் மிகவும் முக்கியம்.

பை சுருள் மிக அரிது என்று படித்தேன். உண்மையா?

நானும் அப்படித்தான் படித்தேன். பார்பரா லோவும் பேபட்டும் 1952இல் இப்படி ஒரு சுருள் சாத்தியம் என்று எழுதினார்கள். ஒரு சுற்றுக்கு 4.4 கண்ணிகள். பருமனான சுருள், நடுவில் சிறு வெற்றிடம், ஆற்றல் கணக்கில் நட்டம். ஆகவே இயற்கை இதை விரும்பாது என்றே பல பாடநூல்கள் முடித்துக்கொண்டன.

அரிதாகத் தெரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கப்ஷும் சாண்டரும் 1983இல் எழுதிய டிஎஸ்எஸ்பி நிரல்தான் எந்தக் கண்ணி எந்தச் சுருளில் இருக்கிறது என்று உலகம் முழுக்க முத்திரை குத்தி வந்தது. ஒரு கண்ணி ஆல்ஃபாவுக்கும் பைக்கும் பொதுவாக இருந்தால் அந்த நிரல் ஆல்ஃபாவுக்கே முன்னுரிமை தந்தது. பை சுருள்கள் பெரும்பாலும் ஆல்ஃபா சுருளின் நடுவே ஒரே சுற்றாக ஒளிந்திருப்பவை. எனவே அவை கணக்கிலேயே ஏறவில்லை. 2010இல் கூலி, ஆர்ப், கார்ப்ளஸ் மூவரும் நேரடியாகப் பிணைப்புகளைப் பார்த்து எண்ணியபோது, அமைப்பு தெரிந்த புரதங்களில் சுமார் 15 சதவீதத்தில் ஒரு பை சுருளாவது இருந்தது. நிரலின் பிற்காலப் பதிப்புகளில் இந்த முன்னுரிமை மாற்றப்பட்டது.

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே நன்றாக இருக்கும் ஆல்ஃபா சுருளின் நடுவே, பரிணாமத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதலாகச் செருகப்பட்டால் என்ன ஆகும்? சுருள் முழுவதும் கலைந்துவிடாது. செருகிய இடத்தில் மட்டும் ஒரு புடைப்பு உண்டாகி, அங்கே பிணைப்புகள் நான்குக்குப் பதில் ஐந்து தாண்டும். காகிதப் பட்டையில் 10க்கும் 11க்கும் நடுவே ஒரு துண்டை ஒட்டிச் சுற்றிப் பாருங்கள். கீழேயும் மேலேயும் ஒழுங்கு அப்படியே இருக்கும், நடுவில் மட்டும் ஒரு வயிறு தள்ளும். அந்த வயிற்றில் சில சி-ஓக்களுக்குத் துணை கிடைக்காது. துணையற்ற ஆக்ஸிஜன் நீரையோ வினைப்பொருளையோ பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கும். நட்டக்கணக்கு என்று ஒதுக்கிய வடிவம் புரதத்தின் வேலை நடக்கும் இடங்களில் திரும்பத் திரும்பத் தென்படுவது இதனால்தான்.

சோயா மொச்சையின் லிப்பாக்ஸிஜனேஸ்-1 என்ற நொதி நல்ல எடுத்துக்காட்டு. அதன் இரும்பு அணுவைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின்களில் இரண்டு, 499ஆம் இடத்திலும் 504ஆம் இடத்திலும் ஒரே சுருளில் இருக்கின்றன. ஆல்ஃபா சுருளில் ஒரு கண்ணிக்கு 100 பாகை திரும்பும். ஐந்து கண்ணிக்கு 500 பாகை. முழுச் சுற்றான 360ஐக் கழித்தால் 140 பாகை. அதாவது இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும், இரும்பை இருவரும் சேர்ந்து பிடிக்க முடியாது. பை சுருளில் ஒரு கண்ணிக்கு ஏறத்தாழ 82 பாகை. ஐந்துக்கு 410, கழித்தால் 50. இரண்டும் ஒரே பக்கம் வந்துவிடும். அந்தச் சுருளின் அந்தப் பகுதி பை சுருள்தான்.

சுருளின் இரு முனைகளிலும் பிணைப்பில்லாமல் நிற்பவை என்ன ஆகின்றன?

கணக்குப்படியே முதல் நான்கு என்-எச்களுக்கும் கடைசி நான்கு சி-ஓக்களுக்கும் சுருளுக்குள் துணை கிடையாது. பன்னிரண்டு கண்ணியுள்ள சிறு சுருள் என்றால் மூன்றில் ஒரு பங்கு கைகள் வெறுமனே நீண்டிருக்கும். அதனால் முனைகளுக்கு மூடி தேவை. 1988இல் பிரஸ்டாவும் ரோஸும் ஒரு பக்கம், ரிச்சர்ட்சன் தம்பதியர் ஒரு பக்கம், தனித்தனியாக இதை எடுத்துக்காட்டினார்கள். தொடக்க முனையில் செரின், திரியோனின், ஆஸ்பர்ஜின், ஆஸ்பார்டிக் அமிலம் ஆகியவை வந்து, தங்கள் பக்கச் சங்கிலியின் ஆக்ஸிஜனைத் திருப்பி அந்த என்-எச்களுக்குக் கொடுக்கின்றன. முடிவு முனையில் கிளைசின் அதிகம். அங்கே சங்கிலி இடப்பக்கமாகத் திரும்பவேண்டியிருக்கிறது. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்குத்தான் அது சிரமமில்லாத காரியம். ஷெல்மன் அமைப்பு என்று பெயர் பெற்ற முடிச்சில், வழக்கமான நான்கு தாண்டலுக்குப் பதில் ஐந்து தாண்டும் பிணைப்பு ஒன்று சுருளின் வாயைக் கட்டிவிடுகிறது.

புரோலின் வந்தால் சுருள் உடைந்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. புரோலினின் பக்கச் சங்கிலி வளைந்து வந்து தன் நைட்ரஜனிலேயே ஒட்டிக்கொள்கிறது. எனவே அதற்கு என்-எச் இல்லை, கொடுக்கக் கை இல்லை. அலனினோடு ஒப்பிட்டால், சுருளின் நடுவே புரோலினை வைக்க ஒரு மோலுக்குச் சுமார் 3 கிலோகலோரி விலை கொடுக்கவேண்டும். ஆனால் சுருளின் முதல் சுற்றில் புரோலின் சுகமாக உட்காரும். அங்கே என்-எச்களுக்கு எப்படியும் சுருளுக்குள் துணை இல்லையே.

நடுவில் வந்தாலும் பல சுருள்கள் உடைவதில்லை, வளைகின்றன. அந்த இடத்தை நெருங்கிப் பார்ப்போம். புரோலின் 20ஆம் கண்ணி என்று வையுங்கள். நான்கு முன்னால் இருக்கும் 16இன் ஆக்ஸிஜன், வழக்கப்படி 20இன் என்-எச்சைத் தேடும். அங்கே இருப்பது புரோலின் வளையத்தின் கார்பன், அதுவும் முட்டும் அளவுக்கு அருகில். ஆக்ஸிஜனுக்கு இடம் விட்டுச் சுருள் விலகவேண்டும். விலகும்போது 17இன் ஆக்ஸிஜனுக்கும் 21இன் என்-எச்சுக்கும் இடையிலான பிணைப்பும் பெரும்பாலும் நெகிழ்ந்துவிடுகிறது. ஒரு கை இல்லாததால் இரண்டு பிணைப்புகள் போகின்றன, சுருள் சராசரியாக 26 பாகை திரும்புகிறது. பார்லோவும் தார்ன்டனும் 1988இல் அளந்து சொன்ன எண் அது.

ஆனால் 16இன் ஆக்ஸிஜன் முழு அநாதை இல்லை. கொல்கத்தா போஸ் நிறுவனத்தில் பினாக் சக்ரவர்த்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, புரோலின் வளையத்தின் கார்பன்களில் உள்ள ஹைட்ரஜன்களே முந்தைய சுற்றின் ஆக்ஸிஜன்களை நோக்கி நிற்பதைக் காட்டியது. என்-எச் செய்யவேண்டிய வேலையைக் கார்பன் கொஞ்சம் பலவீனமாகச் செய்கிறது. இன்னொரு பக்கம், கான்பூர் ஐஐடியில் சங்கரராமகிருஷ்ணன் குழு 2016இல் எழுதியது: புரோலினின் நைட்ரஜனே, அடுத்த கண்ணியின் என்-எச்சிடமிருந்து ஹைட்ரஜனை வாங்கும் நிலைகள் புரதங்களில் உண்டு. கொடுக்க முடியாதது வாங்குகிறது!

செல் சவ்வைத் துளைத்து நிற்கும் புரதங்களில் நடுச்சுருளில் புரோலின் வருவது சகஜம். பாக்டீரியோரோடாப்சினின் ஏழு சுருள்களில் மூன்றில் புரோலின் இருக்கிறது. அந்த வளைவு அங்கே ஊனம் இல்லை. கதவு கீலில் திரும்புவது மாதிரி, சுருள் அசைவதற்கு ஓர் இடம் அது.

கார்பன் எப்படி ஹைட்ரஜன் பிணைப்புத் தரும்? வேதியியல் பாடத்தில் நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளூரின் மட்டும்தானே?

பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தருகிறோம், முதல் படிக்கு அது போதும். ஆனால் இந்தக் கேள்வியால் அறிவியலில் ஒருவருக்கு அநியாயமே நடந்திருக்கிறது. லண்டனில் ஜூன் சுட்டர் 1962, 63இல் படிக அமைப்புகளை ஆராய்ந்து, சி-எச்-ஓ பிணைப்பு (கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனை ஆக்ஸிஜன் பிடிப்பது) உண்மையானது என்று எழுதினார். 1968இல் ஜெர்ரி டோனஹ்யூ அதைக் கடுமையாக மறுத்தார். டோனஹ்யூவின் பெயருக்கு இருந்த கனத்தில் விஷயம் பல ஆண்டுகள் அப்படியே அமுங்கியது. 1982இல் டெய்லரும் ஒல்கா கென்னார்டும், ஹைட்ரஜன் இருக்குமிடத்தைத் துல்லியமாகக் காட்டும் நியூட்ரான் சிதறல் முறையில் கிடைத்த 113 அமைப்புகளை அலசினார்கள். சுட்டர் சொன்னதுதான் சரி.

ஹைட்ரஜனோடு ஒட்டிய அணு அதனிடமிருந்து எவ்வளவு எலக்ட்ரானை இழுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரணக் கார்பன் அதிகம் இழுக்காது. ஆனால் புரதத்தின் ஆல்ஃபா கார்பனுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் கார்பனைல். இரண்டும் இழுக்க இழுக்க, கார்பனோடு உள்ள ஹைட்ரஜனுக்குச் சிறிது நேர்மின் சாயல் வந்துவிடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன என்று உலக வேதியியல் கூட்டமைப்பான ஐயுபிஏசி 2011இல் புதிய வரையறை தந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இ. அருணன். ஹைட்ரஜனைவிடக் கூடுதல் எலக்ட்ரான் கவர்திறன் உள்ள எந்த அணுவும் தரும் பக்கமாக இருக்கலாம் என்கிறது அந்த வரையறை. கார்பனுக்கும் அதில் இடமுண்டு.

கொலாஜனும் சுருள்தானே? அதன் பிணைப்புகள் ஏன் இவ்வளவு சர்ச்சையாகின?

இந்தக் கதை சென்னையில் நடந்தது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கொலாஜனில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று பின்னி ஒரு கயிறாகின்றன. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று கண்ணிக்கு ஒருமுறை கிளைசின் வந்தே ஆகவேண்டும். கயிற்றின் மையத்தில் வேறு எதற்கும் இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்ரே படங்கள் எடுத்து, 1954இல் மூன்று சங்கிலி அமைப்பையும், 1955இல் அதன் முறுக்கிய வடிவத்தையும் வெளியிட்டார்கள். அவர்கள் மாதிரியில் மூன்று கண்ணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். அதே 1955இல் ரிச்சும் கிரிக்கும் ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் குறை.

அணுக்கள் எவ்வளவு வரை நெருங்கலாம்? ராமச்சந்திரன் இந்தக் கேள்வியை விடவில்லை. ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் தெரிந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசினார். சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டுவதும், 1963இல் வெளிவந்து இன்றும் எல்லாப் பாடநூலிலும் இருப்பதுமான ராமச்சந்திரன் வரைபடம் அந்தத் தேடலில் பிறந்ததுதான். அதே மூவரும் 1966இல், பாலிகிளைசின் என்ற எளிய சங்கிலியின் ஒரு வடிவத்தில், நெருங்கி நிற்கும் கார்பனும் ஆக்ஸிஜனும் சி-எச்-ஓ பிணைப்பால் கட்டுண்டவை என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே கிரிம் குழு அகச்சிவப்பு நிறமாலையில் அதற்குச் சான்று தந்தது.

நேரடியான இரண்டாவது என்-எச் பிணைப்பு கொலாஜனில் இல்லை, அதில் ரிச்சும் கிரிக்கும் சரி. ஆனால் 1994இல் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் நால்வரும் கொலாஜன் போன்ற பெப்டைடின் (குட்டையான அமினோ அமிலச் சங்கிலியின்) படிக அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் வெளியிட்டார்கள் (இந்த எண் சிறிதாக ஆகப் படம் தெளிவாகும்). அதை வைத்து 1996இல் பெல்லாவும் பெர்மனும் காட்டியது: சங்கிலிகளுக்கு இடையே ஆல்ஃபா கார்பன்களின் சி-எச்-ஓ பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. நெருங்கியிருப்பது பிழை என்று ஒரு காலத்தில் தள்ளப்பட்ட தொடுகைகளுக்கு நாற்பது ஆண்டு கழித்து ஒரு பெயர் கிடைத்தது. சென்னைக் குழுவின் உள்ளுணர்வுக்கு இன்னும் கூடுதல் மதிப்புத் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கயிற்றின் மையத்தில் இடமில்லாததால்தான் கிளைசின் அங்கே இருக்கவேண்டும். முதல் வகை கொலாஜனில் ஒரே ஒரு கிளைசின் வேறொன்றாக மாறினாலும் எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் வரலாம்.

அப்படியானால் ஹைட்ராக்ஸிபுரோலின் கொலாஜனுக்கு வலுத் தருவதும் ஹைட்ரஜன் பிணைப்பால்தானா?

ஹைட்ராக்ஸில் (ஓ-எச்) தொகுதி ஒன்று சேர்ந்த புரோலின்தான் ஹைட்ராக்ஸிபுரோலின். நீண்ட காலம் அப்படித்தான் நம்பினோம். ஹைட்ராக்ஸில் தொகுதி, நீர் மூலக்கூறு வழியாகச் சங்கிலிகளைக் கட்டுகிறது என்பது விளக்கம். ஹைட்ராக்ஸிபுரோலின் இல்லாத கொலாஜன் ஏறத்தாழ 24 செல்சியஸிலேயே பிரிந்துவிடும். இருந்தால் 39 வரை தாங்கும். வைட்டமின் சி இல்லாமல் புரோலின் ஹைட்ராக்ஸிபுரோலினாக மாறாது. ஸ்கர்வி நோயில் ஈறு கரைவதன் காரணம் இதுதான்.

1998இல் ரெயின்ஸ் குழு அழகான ஒரு சோதனை செய்தது. ஹைட்ராக்ஸில் இருக்கும் இடத்தில் ஃபுளூரினை வைத்தார்கள். கார்பனோடு ஒட்டிய ஃபுளூரின் ஹைட்ரஜன் பிணைப்பில் அநேகமாகச் சேராது. நீர்ப்பாலம்தான் காரணம் என்றால் சுருள் பலவீனமாகவேண்டும். நடந்தது தலைகீழ். புரோலின் மட்டும் உள்ள பெப்டைடு 41 செல்சியஸிலும், ஹைட்ராக்ஸிபுரோலின் உள்ளது 69இலும், ஃபுளூரோபுரோலின் உள்ளது 91இலும் பிரிந்தது. வலு வருவது பெரும்பாலும் வளையம் சரியான மடிப்பில் நிற்பதால். நீர்ப்பாலங்கள் படிகத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன, அவை பொய்யில்லை. தெரிகிற ஒவ்வொரு பிணைப்பும் சுருளைத் தாங்கிப் பிடிக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

சி-எச்-ஓ பிணைப்புக்கு எவ்வளவு வலு?

ஒரே எண் கேட்டால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சிவப்பணுச் சவ்வில் உள்ள கிளைக்கோஃபோரின் ஏ புரதத்தில் இரண்டு சுருள்கள் கிளைசின்கள் இருக்கும் பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. அங்கே ஆல்ஃபா கார்பனும் எதிர்ச் சுருளின் ஆக்ஸிஜனும் அருகருகே நிற்கின்றன. 2004இல் ஆர்பெலியும் ஆர்க்கினும் 79ஆம் கிளைசினின் பிணைப்பை அளந்து, மோலுக்கு 0.88 கிலோகலோரி என்றார்கள். அதே ஆண்டு போவி குழு பாக்டீரியோரோடாப்சினில் 24ஆம் திரியோனினை மாற்றிப் பார்த்தது. அங்கிருந்த சி-எச்-ஓ பிணைப்பு புரதத்துக்கு வலு எதையும் சேர்க்கவில்லை என்று முடிவு சொன்னது. இரண்டும் கவனமான வேலைகள். இடத்துக்கு இடம் வலு மாறும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஹைட்ரஜன் இரண்டு ஆக்ஸிஜன்களோடு பிணைய முடியுமா?

முடியும். ஆல்ஃபாவும் 3-10உம் சந்திக்கும் இடத்தில் ஒரு என்-எச், மூன்று தள்ளியும் நான்கு தள்ளியும் உள்ள இரண்டு ஆக்ஸிஜன்களையும் ஒருசேரப் பார்த்து நிற்கும். ஓர் ஆக்ஸிஜன் இரண்டு ஹைட்ரஜன்களை வாங்குவது இன்னும் சாதாரணம். செரின், திரியோனின் இரண்டும் தங்கள் ஹைட்ராக்ஸிலைத் திருப்பி, மூன்று அல்லது நான்கு கண்ணி முன்னால் உள்ள ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிடும். கிரேயும் மேத்யூஸும் 1984இல் எழுதியது இது. எண்ணெய்ப்பசை நிறைந்த சவ்வுக்குள் நீரை விரும்பும் செரின் எப்படித் தங்குகிறது என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. நீர் மூலக்கூறும் வந்து நுழையலாம். வெளிப்பக்கம் நீரைத் தொடும் சுருள்கள் அந்தப் பக்கம் பிணைப்பு நீண்டு மெல்ல வளைகின்றன. சில இடங்களில் நீர் உள்ளேயே புகுந்து பிணைப்பைப் பிரித்துவிடும். சுந்தரலிங்கமும் சேகரூடுவும் 1989இல் அப்படிப்பட்ட இடங்களைத் திரட்டி, சுருள் உருவாகும் வழியிலும் இந்த நிலைகள் வரலாம் என்று வாதிட்டார்கள்.

நான் பார்க்கும் அமைப்பில் விசித்திரமான பிணைப்பு ஒன்று தெரிகிறது. நம்பலாமா?

முதலில் எவ்வளவு தெளிவில் எடுத்த அமைப்பு என்று பாருங்கள். சாதாரண எக்ஸ்ரே அமைப்புகளில் ஹைட்ரஜன் தெரியவே தெரியாது. திரையில் நீங்கள் காணும் ஹைட்ரஜன்களை நிரல்தான் வைத்திருக்கிறது. எனவே கனமான அணுக்களுக்கு இடையே அளந்து பாருங்கள். நைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் 2.9 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருப்பது நல்ல பிணைப்பு. கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் 3.5ஐத் தாண்டினால் நான் அதைப் பிணைப்பு என்று எழுதமாட்டேன்.

பிறகு எக்ஸ்ரே சோதனை தந்த மூலப்படமான எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைத் திறங்கள். ஆரம்ப நாட்களில் 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் மங்கலான ஒரு வரைபடத்தில் அழகான பை புடைப்பு ஒன்றைக் கண்டு, நாட்கணக்கில் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். புடைப்புக்கு மேலே இருந்த டிரிப்டோஃபானைப் பார்த்தபோதுதான் உறைத்தது: அதன் பெரிய இரட்டை வளையம் இருந்த இடத்தில் அடர்த்தி இல்லை, அடுத்த கண்ணியின் இடத்தில் இருந்தது. சங்கிலியை ஒரு கண்ணி தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். சரியாகப் பொருத்தியதும் புடைப்பு மறைந்துவிட்டது. அன்றிலிருந்து புடைப்பின் இரு பக்கமும் ஒரு பெரிய பக்கச் சங்கிலியைத் தேடி, அது அடர்த்திக்குள் உட்காருகிறதா என்று பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. உறவுப் புரதங்களிலும் அதே இடத்தில் அதே புடைப்பு இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரல் கணித்த மாதிரியிலும் இவற்றைத் தேடலாமா?

தேடலாம். புரோலின் வளைவையும் பை புடைப்பையும் அதில் பார்க்க முடிகிறது. ஆனால் அங்கே எதிர்த்துக் கேட்க அடர்த்தி வரைபடம் கிடையாது, நீர் மூலக்கூறுகளும் கிடையாது. கேள்வியை எழுப்ப அது போதும், சான்றாகக் காட்டப் போதாது.

ஆய்வகத்தில் இப்படிப்பட்ட பிணைப்புகளை வேண்டுமென்றே உருவாக்க முடியுமா?

முடியும். அலனினின் ஆல்ஃபா கார்பனில் இன்னொரு மெத்திலைச் சேர்த்தால் அய்ப் என்ற அமினோ அமிலம் கிடைக்கும். சில பூஞ்சைகள் இதை இயற்கையாகவே தங்கள் நுண்ணுயிர்க்கொல்லிகளில் வைத்திருக்கின்றன. அலமெத்திசின் அவற்றில் ஒன்று. இரண்டு மெத்தில்கள் நெருக்குவதால் சங்கிலிக்குச் சுருளைத் தவிர வேறு வழி அதிகமில்லை. பெங்களூருவில் பி. பலராமும் வாஷிங்டனில் இசபெல்லா கார்லும் பல ஆண்டுகள் சேர்ந்து இத்தகைய பெப்டைடுகளைப் படிகமாக்கினார்கள். குட்டையான சங்கிலிகள் 3-10 சுருளாகவும், நீளம் கூடக்கூட ஆல்ஃபாவாகவும் மாறுவதை அணு அணுவாகப் பார்க்க முடிந்தது அவர்களால்தான்.

முதன்முதலாக எந்த அமைப்பைத் திறந்து பார்க்கலாம்?

பாக்டீரியோரோடாப்சின். உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரியின் ஊதாநிறப் புரதம், ஒளியைக் கொண்டு புரோட்டானை வெளியே தள்ளுவது. புரதத் தரவு வங்கியில் 1சி3டபிள்யூ என்ற எண்ணில், லூக்கே குழு 1999இல் 1.55 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் தந்த அமைப்பு இருக்கிறது. ஏழாவது சுருளைத் தனியாக எடுத்துக்கொண்டு 216ஆம் லைசினுக்குப் போங்கள். ஒளியை வாங்கும் ரெட்டினல் அதில்தான் தொங்குகிறது. அதற்கு முந்தைய கண்ணி 215, அலனின். அதன் ஆக்ஸிஜனிலிருந்து நான்கு தள்ளி என்-எச்சைத் தேடினால் கிடைக்காது. சுருள் அங்கே பை புடைப்பாக வயிறு தள்ளியிருக்கிறது. அந்த ஆக்ஸிஜன் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்திருக்கும், அந்த நீர் மறுபக்கம் 182ஆம் டிரிப்டோஃபானைத் தொட்டிருக்கும். தூரத்தை அளக்கும் கருவியை எடுத்து இரண்டையும் அளந்து பாருங்கள்.